செவ்வாய்ல பொறந்திருக்கணும்னு சொல்ற தங்கச்சியைப் பத்தி

ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி: "என் தங்கச்சிக்கு 16 வயசு. மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி, அதாவது தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பலம் இழக்கற நோய், ரெண்டு வருஷமா வீல்சேர். எந்நேரமும் விண்வெளிக் கதையாவே படிக்கிறா, பாக்குறா. நான் செவ்வாய்ல பொறந்திருக்கணும்னு அடிக்கடி சொல்றா. நிஜத்தை ஏத்துக்காம ஓடுறாளோன்னு அப்பா பயப்படுறார், புக்கையெல்லாம் எடுத்து உள்ள வெச்சுடலாமான்னு கேக்குறார். வீல்சேர்ல இருக்கற, சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிக்கிற யாராவது சொல்லுங்க."

தம்பி, எடுத்து உள்ள வைக்காதீங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், மத்ததெல்லாம் நிதானமா கீழ எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

எனக்கு இப்ப 41 வயசு. 19 வயசுல பைக் ஆக்சிடென்ட், முதுகுத்தண்டுல டி10, அதாவது தொப்புளுக்குக் கீழ உணர்ச்சி கிடையாது, கால் அசையாது, கை ரெண்டும் நல்லா இருக்கு. குரோம்பேட்டைல அம்மாவோட இருக்கேன், வீட்லேருந்தே அக்கவுண்ட்ஸ் வேலை. உங்க தங்கச்சிக்கு இருக்கறது வேற, எனக்கு இருக்கறது வேற. எனக்கு ஒரே நாள்ல போச்சு, அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா போகுது, இதுல எது பெரிய கஷ்டம்னு அளக்கற வேலைக்கு நான் வரல. ஆனா உட்காந்த உயரத்துலேருந்து உலகத்தைப் பாக்கறதும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேற கிரகத்துல திரியறதும் எனக்கு 22 வருஷப் பழக்கம்.

செவ்வாய்ல பொறந்திருக்கணும்னு அவ சொல்றது உங்க அப்பா காதுல ஏக்கமா விழுந்திருக்கு. என் காதுல அது கணக்கா விழுந்துது. செவ்வாயோட ஈர்ப்பு பூமியோடதுல 38 சதவீதம்தான். இங்க 40 கிலோ இருக்கற பொண்ணு அங்க நம்ம ஊர் மெஷின்ல ஏறி நின்னா 15 கிலோன்னு காட்டும். தலை வாரிக்கக் கையைத் தூக்கினா பாதிலயே விழுந்துடற தோள்பட்டைக்கு, அங்க அந்தக் கையோட எடையே மூணுல ஒரு பங்கு சொச்சம்தான். தசை அதே தசை, பொண்ணு அதே பொண்ணு, இடம் மட்டும் மாறுது, உடனே இங்க முடியாதது அங்க முடியுது. இதை ஒரு 16 வயசுப் பொண்ணு யாரும் சொல்லிக்குடுக்காம தானா யோசிச்சுப் பிடிச்சிருந்தா, அவ நிஜத்தை விட்டு எங்கயும் ஓடல தம்பி, தன் உடம்பையும் பூமியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அளந்து பாத்திருக்கா.

இந்த யோசனை புதுசும் இல்ல. ராபர்ட் ஹைன்லைன் 1942லயே 'வால்டோ'ன்னு ஒரு கதை எழுதினார், அதுல வர்றவனுக்குப் பொறவிலேயே தசை பலவீனம், பூமில கையைத் தூக்கறதே பெரும்பாடு, அதனால பூமியைச் சுத்தற ஒரு வீட்ல எடையே இல்லாம வாழுறான், தன் கை அசைவைப் பெரிய பலத்தோட செஞ்சு குடுக்கற இயந்திரக் கைகளைக் கண்டுபிடிக்கிறான். கதை வந்தப்புறம் அணு ஆராய்ச்சிக் கூடத்துல கதிரியக்கப் பொருளைத் தூரத்துலேருந்து எடுக்கற இயந்திரக் கைக்கே வால்டோன்னு பேர் ஒட்டிக்கிச்சு.

அதை விட உங்க தங்கச்சிக்கு நெருக்கமா இருக்கப்போறது 1993ல வந்த ஸ்டார் ட்ரெக் டீப் ஸ்பேஸ் நைன் எபிசோட் ஒண்ணு, பேரு 'மெலோரா'. ஈர்ப்பு ரொம்பக் குறைஞ்ச கிரகத்துல பொறந்த பொண்ணு, அவ ஊர்ல பறப்பா, ஆனா வேலைக்கு வந்த விண்வெளி நிலையத்துல ஈர்ப்பு ஜாஸ்தி, அதனால வீல்சேர். அங்க இருக்கற டாக்டர் உன்னை நடக்க வைக்கறேன்னு சிகிச்சை ஆரம்பிக்கிறார், ஆனா முழுசா பண்ணிக்கிட்டா திரும்பத் தன் ஊருக்குப் போய்ப் பழைய மாதிரி வாழ முடியாது. அவ வேண்டாம்னு சொல்லிடறா. நான் முதல் தடவை பாத்தப்ப லேப்டாப்பை மூடி வெச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உட்காந்திருந்தேன், ஏன்னா நடக்க வைக்கறேன்னு சொன்னா ஒருத்தர் வேண்டாம்னு சொல்லலாம்ங்கற நினைப்பே எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கொண்டு வர்றது எண்ணெயும் வைத்தியர் அட்ரஸும்தான். அந்த எபிசோடுக்குக் கதை எழுதினவரும் வீல்சேர்ல இருக்கறவர்தான்.

இப்ப கதையை விட்டுட்டு நடந்ததைச் சொல்றேன். 1958லேருந்து ஏறக்குறைய பத்து வருஷம், அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் வாஷிங்டன்ல இருக்கற கேலடெட் கல்லூரிலேருந்து காது கேக்காத 11 ஆண்களைக் கூட்டிட்டுப் போய்ச் சோதனை பண்ணினாங்க. மனுஷன் விண்வெளிக்குப் போனா தலை சுத்துமா, வாந்தி வருமா, உள்காதுல இருக்கற சமநிலை உறுப்பு குழம்பினா என்ன ஆகும்னு அப்ப யாருக்கும் தெரியாது. இந்த 11 பேர்ல 10 பேருக்குச் சின்ன வயசுல மூளைக்காய்ச்சல் வந்து, கேக்கற சக்தியோட உள்காது சமநிலை உறுப்பும் போயிடுச்சு. அதனால எவ்வளவு சுத்தினாலும் இவங்களுக்குக் குமட்டாது. 20 அடி அகலமான அறைல உட்கார வெச்சு அந்த அறையவே 12 நாள் மெதுவா சுத்த விட்டாங்க, ஒண்ணும் ஆகல. கனடா பக்கம் நோவா ஸ்கோஷியா கடல்ல ஒரு படகுல ஏத்திப் பெரிய அலைல கொண்டு போனாங்க, இவங்க பாட்டுக்கு உக்காந்து சீட்டு விளையாடிட்டு இருந்தாங்க, சோதிக்க வந்த விஞ்ஞானிங்கதான் வாந்தி எடுத்துப் படுத்துட்டாங்க, கடைசில அந்தச் சோதனையவே நிறுத்த வேண்டியதாப் போச்சு. அந்தப் படகுல யாரு மாற்றுத்திறனாளி, சொல்லுங்க. இதை உங்க அப்பாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டுங்க, தயவுசெஞ்சு.

எனக்கு என்னோட செவ்வாய் கிடைச்ச நாள் ஒண்ணு இருக்கு. 2022 நவம்பர் கடைசில மெரினாவுல மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை திறந்தாங்க. அந்த வாரமே போனேன். ஆக்சிடென்டுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை தவறாம போன கடற்கரை, அப்புறம் 18 வருஷம் ரோட்டோரம் நின்னு, அதோ அங்க நீலமா ஒரு கோடு தெரியுதேன்னு பாத்துட்டுத் திரும்பின கடற்கரை. மணல்ல வீல்சேர் முன்சக்கரம் ஒரு அடி போனாலே புதைஞ்சுடும், தள்ளத் தள்ள இன்னும் ஆழமா போகும். அன்னிக்குப் பலகை மேல சக்கரம் டக் டக் டக்குனு ஒவ்வொரு இடுக்கையும் தாண்டற சத்தம் கேட்டுக்கிட்டே நானே தள்ளிட்டுப் போனேன், அம்மா பின்னாடி நடந்து வந்தாங்க, அலை பக்கத்துல வரவர உப்புத்தண்ணி மூஞ்சில தெறிக்குது. என் கால் அன்னிக்கும் அசையல, முதுகுத்தண்டு ஒரு நூல் கூடச் சேரல. கீழ இருந்த தரை மட்டும்தான் மாறிச்சு. ரெண்டே வாரத்துல மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்துப் பலகையைப் பேத்துடுச்சு, அப்புறம் திரும்பச் சரி பண்ணினாங்க. பேத்துடுச்சுன்னு செய்தில பாத்த அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

இனிமே கொஞ்சம் கசப்பானதும் சொல்லணும், ஏன்னா சயின்ஸ் ஃபிக்‌ஷன் எல்லாமே நம்மகிட்ட அன்பா நடந்துக்கறது இல்ல. நிறையக் கதைல நம்மள மாதிரி ஒருத்தர் வந்தா ரெண்டே முடிவுதான், கடைசிப் பக்கத்துல குணமாவாங்க, இல்லன்னா செத்துப்போவாங்க. 2009ல அவதார் வந்தப்ப ஃப்ரெண்ட்ஸ் என்னை அப்படியே சேரோட தூக்கிட்டுப் போய்த் தியேட்டர்ல உட்கார வெச்சாங்க. அந்த ஹீரோ புது உடம்புல எழுந்து ஓடி, கால் விரலை மண்ணுக்குள்ள அழுத்திப் பாக்கற அந்த ஒரு நிமிஷம் நான் அழுதேன், அதை மறைக்க விரும்பல. ஆனா வீட்டுக்கு வந்து படுத்தப்புறம் மனசு வேற பக்கம் போச்சு. ஒரு கிரகத்துலேருந்து இன்னொரு கிரகத்துக்குப் போற காலத்துல, அந்தப் பட்டாளத்துக்காரனுக்கு முதுகெலும்பைச் சரிபண்ணக் காசு இல்லையாம், அதுவும் பரவாயில்ல, அவன் உட்காந்திருக்கற வீல்சேர் என் வீல்சேர் மாதிரியே இருக்கு. எல்லாத்தையும் புதுசா கற்பனை பண்ணினவங்க இதைக் கற்பனை பண்ணாமலே விட்டுட்டாங்க. இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் உங்க தங்கச்சிக்கும் வரும், வரட்டும், அவளோட உக்காந்து பேசுங்க.

அதே மாதிரிதான் 1997ல வந்த காட்டகாங்கற படம். அதுல வீல்சேர்ல இருக்கற ஒருத்தன், நண்பனைக் காப்பாத்தறதுக்காக டிஎன்ஏ மாதிரி முறுக்கிக்கிட்டுப் போற படிக்கட்டுல கையாலயே உடம்பை இழுத்து இழுத்து மேல ஏறுவான். பாக்கறவங்க தன்னம்பிக்கைன்னு கை தட்டுற சீன். நான் அதே மாதிரி ஒரு படிக்கட்டுல ஏறியிருக்கேன். ஒரு கையெழுத்துக்காக ஒரு ஆபீஸ், முதல் மாடி, லிஃப்ட் இல்ல. யாராவது கீழ வந்து வாங்கிக்க முடியுமான்னு கேட்டோம், வர முடியாதுன்னு சொல்லிட்டாங்க. 21 படி. நான் பின்பக்கமா உட்காந்து கையை மேல்படில ஊணி உடம்பைத் தூக்குவேன், அம்மா என் ரெண்டு காலையும் எடுத்து அடுத்த படில வைப்பாங்க, அவங்களுக்கு அப்ப 63 வயசு. பத்தாவது படில அவங்களுக்கு மூச்சு வாங்கிச்சு, பக்கத்துல ஆளுங்க ஒதுங்கி ஏறி இறங்கிட்டே இருந்தாங்க. அன்னிலேருந்து காட்டகால அந்த சீன் வந்தா நான் அவன் கையைப் பாக்கறதில்ல, அந்தப் படிக்கட்டைத்தான் பாக்கறேன். தினம் ராக்கெட் விடற உலகத்துல ஒரு வீட்டுக்கு லிஃப்ட் வைக்கணும்னு யாருக்குமே தோணலயா? சாய்தளத்துக்குக் கணக்கு ரொம்பச் சின்னது, 1க்கு 12. அதாவது அரை அடி உயரப் படியா, 6 அடி நீளச் சரிவு போதும். நம்ம நாட்டுல 2016லேருந்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு, 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் அணுகல் விதிங்க வெறும் பரிந்துரையா இருந்தா பத்தாது, கட்டாயமாக்கணும்னு தீர்ப்பே குடுத்திருக்கு. அந்த 21 படி இன்னிக்கும் அங்கயேதான் இருக்கு.

நான் இந்த விண்வெளிக் கதைங்க பக்கம் வந்தது எப்படின்னும் சொல்லிடறேன். ஆக்சிடென்டுக்கு அப்புறம் வேலூர்ல மறுவாழ்வு மையத்துல ரெண்டு மாசத்துக்கு மேல இருந்தேன். அதை 1966ல ஆரம்பிச்ச டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்தவங்க, அப்புறமும் வீல்சேர்ல உட்காந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் பண்ணினவங்க. பிசியோதெரபிஸ்ட் இதைச் சொன்னப்ப நான் நம்பல, கதை விடறார்னு நினைச்சேன். அந்த ரெண்டு மாசத்துலதான் பக்கத்து பெட் அண்ணன் ஒருத்தர், அட்டை கிழிஞ்சு பைண்டு பண்ணின சுஜாதா தொடர்கதை ஒண்ணைக் குடுத்தார், 80கள்ல ஆனந்த விகடன்ல வந்த 'என் இனிய இயந்திரா'. ஜீனோங்கற இயந்திர நாய்க்குட்டி. யாரும் அதைப் பெரிசா மதிக்கல, பொம்மை மாதிரி ஓரமா இருக்கும், ஆனா எல்லாத்தையும் அதுதான் கவனிச்சுட்டே இருக்கும். எனக்கு அந்த வயசுல ஜீனோவை விட யாரையும் அவ்வளவு நெருக்கமா தெரியல. வார்டுல டாக்டருங்க என் தலைக்கு மேலயே என்னைப் பத்தி அம்மாகிட்ட பேசிட்டுப் போவாங்க, நான் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்.

இன்னொரு சுஜாதாவையும் உங்க தங்கச்சிக்குச் சொல்லுங்க. சென்னை ஐஐடில வீல்சேர், செயற்கைக்கால் மாதிரி உபகரணங்களுக்குன்னு ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கு, பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமைல. அந்த மையத்துக்குப் பேர் ஆர்2டி2, ஸ்டார் வார்ஸ்ல வர்ற அந்தக் குட்டி ரோபோ பேரேதான். அவங்க ஆளுங்க செஞ்ச நியோபோல்ட்டுங்கற மோட்டார் வண்டியை வீல்சேருக்கு முன்னாடி மாட்டிக்கிட்டா மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல ரோட்ல போகலாம். என் ஃப்ரெண்டோடதை வாங்கி ஜிஎஸ்டி ரோடு சர்வீஸ் லேன்ல ஓட்டிப் பாத்தேன், காத்து காதுல அடிக்கற சத்தத்தை 19 வயசுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் கேட்டேன்.

படிக்கறதுக்கு வசதி பண்ணிக் குடுங்க, இதுதான் முக்கியம். அவளுக்குக் கை பலம் குறையக் குறையக் குண்டு புஸ்தகத்தைப் பிடிக்கறது கஷ்டமாகும், பக்கம் திருப்பறதே வேலையாகும், அப்ப படிக்கறதை அவளே மெதுவா விட்டுடுவா, நீங்க ஆர்வம் போச்சுன்னு நினைச்சுக்குவீங்க. வீல்சேர் கம்பில மாட்டற வளையற மொபைல் ஸ்டாண்டு ஒண்ணு வாங்குங்க, மின்னூலா படிக்கட்டும், விரல் நுனி அசைஞ்சாப் போதும் பக்கம் நகரும். கண்ணு அசந்தா கேக்கட்டும். பார்வை இல்லாத என் ஃப்ரெண்ட் ஒருத்தர் என்விடிஏன்னு ஒரு மென்பொருள்ல கதை கேப்பார், 2006ல ஆஸ்திரேலியால பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சது, அப்புறம் பார்வையில்லாத இன்னொருத்தரும் சேந்துக்கிட்டார், இலவசம். அவர் வைக்கற வேகத்துல எனக்கு அது தகரத்துல கல்லு உருண்ட மாதிரிதான் கேக்கும், அவர் நடுவுல நிறுத்தி இந்த வரி எப்படி எழுதியிருக்கான் பாருன்னு திருப்பிச் சொல்லுவார். மனுஷக் குரல் மாதிரி நல்ல குரலெல்லாம் இப்ப வந்திருக்கேன்னு கேட்டேன், எனக்கு இதுதான் பழகின குரல், இதுலதான் கதை கேக்கும்னார். ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் அப்படித்தான், 1985ல பேச்சு போனப்புறம் கிடைச்ச அந்த இயந்திரக் குரலை, எவ்வளவோ நல்ல குரல் வந்தப்புறமும் மாத்திக்கல, அதுதான் என் குரல்னு வெச்சுக்கிட்டார். அவர் 2007ல விமானத்துல எடையில்லாம மிதந்த வீடியோவைத் தங்கச்சிக்குப் போட்டுக் காட்டுங்க. அந்த முகத்தை அவ பாக்கணும்.

கடைசியா ஒண்ணு. காலைல 6 மணிக்கு நான் கட்டில்லேருந்து வீல்சேருக்கு மாறணும். அதுக்கு ஒரு பலகை வெச்சிருக்கேன், எங்க தெருமுனை ஆசாரி செஞ்சு குடுத்தது, 28 இன்ச் நீளம், 8 இன்ச் அகலம், பிளைவுட், ரெண்டு முனையையும் சீவி மெலிசாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு வழவழன்னு வார்னிஷ் அடிச்சது. ஒரு முனை கட்டில்ல, ஒரு முனை சீட்ல. ரெண்டு பிரேக்கும் விழுந்திருக்கா, பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழட்டியாச்சா, காலு எங்கயும் மாட்டியிருக்கான்னு ஒண்ணொண்ணா பாக்கணும், அப்புறம் பலகை மேல பவுடர் தூவணும், இல்லன்னா தோல் உராஞ்சு புண்ணாகும், உணர்ச்சி இல்லாததால புண்ணானதே தெரியாது, ஒரு புண்ணு ஆற ஆறு மாசம் படுக்கைல போயிடும். விண்வெளி வீரர்கள் கதவைத் திறந்து வெளிய போறதுக்கு முன்னாடி உடையோட ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்க்கற இடம் கதைல வந்தா நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவே மாட்டேன், ரெண்டு தடவை படிப்பேன்.

2025 டிசம்பர் 20ஆம் தேதி மிக்கேலா பெந்தாவுஸ்னு ஜெர்மன் இன்ஜினியர் ஒருத்தங்க, 2018ல மலை சைக்கிள் விபத்துல கால் செயலிழந்தவங்க, ப்ளூ ஆரிஜின்ங்கற கம்பெனியோட ராக்கெட்ல 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல போய்ட்டு வந்தாங்க. வீல்சேர்ல இருக்கற ஒருத்தர் விண்வெளிக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவங்களுக்காக ராக்கெட்டையே மாத்திட்டாங்களோன்னு தேடிப் படிச்சேன். பெரிசா ஒண்ணும் மாத்தல, கதவுலேருந்து சீட்டு வரைக்கும் நகந்து போறதுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் பலகை வெச்சாங்க, இறங்கினப்புறம் பாலைவன மண்ணுல ஒரு விரிப்பைப் போட்டு வீல்சேரைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க.

அம்மா கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க, நான் சத்தமா படிச்சுக் காட்டினேன். பலகைங்கற இடம் வந்ததும் கையை நிறுத்திட்டு என் கட்டில் ஓரமா சாய்ச்சு வெச்சிருந்த நம்ம பலகையைத் திரும்பிப் பாத்தாங்க.

"அவங்களும் பவுடர் போட்டுக்குவாங்களாடா?"ன்னு கேட்டாங்க.